ஐந்தாம் இடத்து மாப்பிள்ளை

சின்னத்தாய் சித்தி வந்து இரண்டு நாற்காலிகளில் ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மாமனார் சீனிச்சாமி தன் கையாலேயே அமுக்கிப் பார்த்து, “உக்காருங்க மாப்ள, இனி யானையே வந்து உக்காரலாம்” என்று காலையில் போட்டுக் கொடுத்த இரட்டை நாற்காலி அது. இருபது பேர் வருவோம் என்று சொல்லியிருந்த சம்பந்தி வீட்டார் ஒரு வேனும் இரண்டு காருமாக வந்து இறங்கியதும் சித்தி கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். கண் நேரே இவன்மேல் வந்து நின்றது. “மாப்ள, செத்த எந்திரிங்க.” எந்திரிங்க என்ற சொல் வெளிநாட்டு மாப்பிள்ளை யார்க்கோவுக்குத் தெரியும். எழுந்தான். ஒரு நாற்காலி போனது. “ம், உக்காருங்க.” அந்தச் சொல்லும் தெரியும், தெரியாமலே இருந்திருக்கலாம். உட்கார்ந்தான். இடது பின்கால் லேசாக முனகியது. பெரிய சத்தமில்லை, பக்கத்தில் வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவனுக்கு அந்தச் சத்தம் பழக்கம். பின்லாந்தில் குளிர் முடிகிற மாதம் உறைந்த ஏரிமேல் நடந்தால் காலடியில் பனிக்கட்டி இப்படித்தான் பேசும். அது பேசும்போது ஓடாதே, நிற்காதே, குதிக்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் வாழ்நாளில் மகனிடம் பேசிய நீளமான பேச்சு அநேகமாக அதுதான். பனிக்கட்டிமேல் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. யார்க்கோ கொஞ்சம் கொஞ்சமாக எடையைத் தொடைகளுக்கு மாற்றினான். குதிகாலை ஊன்றி, இடுப்பை ஒரு விரற்கடை தூக்கி, முதுகைச் சாய்வில் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு அவன் உட்கார்ந்திருக்கிறான். உண்மையில் பின்லாந்து நாட்டின் ஹெவிவெயிட் மல்யுத்த வீரன், நூற்று முப்பது கிலோ, கோவில்பட்டியில் பெண் எடுத்த வீட்டுக் கூடத்தில், கொழுந்தியாள் பூரணியின் நிச்சயதார்த்தத்தில், வாடகைக் கடையின் பெயர் முதுகில் எழுதிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மேலே நின்றுகொண்டிருந்தான்.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிடலாம்தான், எத்தனை பேர் சம்மணம் போட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் வலது முழங்கால் முழுசாக மடங்காது, அதற்குள் இருந்த ஒரு சவ்வை இரண்டு தடவை வெட்டி எடுத்திருக்கிறார்கள், அதுவுமில்லாமல் மூத்த மாப்பிள்ளை கீழே உட்கார்ந்தால் மாமனார் பதறிப்போவார். எழுந்து நின்றுவிடலாமா? நின்றால் “ஏன் நிக்கீக, உக்காருங்க” என்று நாலு பக்கமிருந்தும் வரும், அப்புறம் இரண்டாவது தடவை உட்கார வேண்டும், இரண்டாவது தடவையை இந்த நாற்காலி தாங்குமா என்பது ஒருபக்கம், எழும்போதே அது இடுப்போடு கூட வந்துவிடுமோ என்பது இன்னொரு பக்கம். போன வருஷம் மண்டபத்தில் அப்படித்தான் வந்தது. கைப்பிடிகள் இரண்டும் கவ்விக்கொண்டு, ஒரு முழுப் பந்திக்கு முன்னால், வால் முளைத்தவன் மாதிரி நாற்காலியோடு நின்றான். இரண்டு பேர் இழுத்தார்கள். யாரோ எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்கள். அதை நினைக்காதே. தொடையை நினை. பயிற்சிக் கூடத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து இதே மாதிரி நாற்காலி இல்லாமல் உட்காரச் சொல்வார் ரைமோ. பயிற்சியாளர் ரைமோ, உதட்டில் எரியாத சுருட்டு, கழுத்தில் விசில், ஊதவே மாட்டார், தொண்டையைக் கனைத்தால் போதும். தொடை நடுங்க ஆரம்பித்தால் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லமாட்டார். இங்கே ஒன்றும் சொல்லாமல் இருக்க முடிகிறதா, இந்த ஊரில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தால் ஒன்று கோபம் என்கிறார்கள், இல்லாவிட்டால் வயிறு சரியில்லை என்று சீரகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதல் தடவை வந்தபோது மூன்று சொம்பு சீரகத் தண்ணீர் குடித்தான். பேசாமல் இருந்ததுதான் காரணம்.

முதல் தடவை. தெருவே திரண்டு வந்திருந்தது. சீனிச்சாமிக்கு மாவு மில். மிளகாய், மல்லி, அரிசி, கேப்பை எல்லாம் அரைப்பார். மில்லில் மூட்டை எடைபோடும் மேடைத் தராசு ஒன்று உண்டு, மாப்பிள்ளை எவ்வளவு இருப்பார் என்று தெருவுக்குள் ஒரு விவகாரம் கிளம்பி, கடைசியில் அவனைக் கூட்டிக்கொண்டு போய் அதில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பார்த்து மிளகாய் வற்றல் அரைத்திருந்தார்கள். ஒரு தும்மல் போட்டான், தராசு முள் துள்ளிக் கோடியில் போய் முட்டியது, கூட்டம் ஓ என்றது, அந்தக் கோடி எடைதான் இன்றுவரைக்கும் அவனுடைய எடை என்று தெருவில் பேச்சு. “பேரு என்ன?” என்று ஒருவர் கேட்டார். “யார்க்கோ.” “யாருக்கோ இல்லய்யா, உமக்கு என்ன பேரு?” “யார்க்கோ.” “அட யாருக்கும் வேண்டாம், உம்ம பேரச் சொல்லும்.” மனைவி செண்பகவல்லி ஓடிவந்து பிரித்துவிட்டாள். அடுத்தது, என்ன வேலை. மல்யுத்தம் சோறு போடாது என்பதால் அவன் ஊரில் முனிசிபாலிட்டியில் வேலை பார்க்கிறான். குளிர்காலத்தில் சாலையில் விழுந்து கிடக்கிற பனியைத் தள்ளுகிற வண்டி ஓட்டுகிறான். அதைச் செண்பகவல்லி, “ரோட்டுல ஐஸ் அள்ளுற வண்டி ஓட்டுறாரு” என்று தமிழில் சொன்னாள். அது வாசலைத் தாண்டுவதற்குள் ஐஸ் வண்டி ஓட்டுகிறார் என்றாகிவிட்டது. மறுநாள் காலையில் தெருப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று குச்சி ஐஸ் இருக்கா என்று கேட்டன. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தான், ஆகவே உறுதியாகிவிட்டது. இப்போதுகூட ஜன்னலில் இரண்டு முகங்கள். சிரிக்கலாமா? சிரித்தால் வயிறு குலுங்கும். வயிறு குலுங்கினால் பின்கால். அந்தப் பக்கமே திரும்பாதே, அந்த ஜன்னல் வழியாகத்தான் ஃபிளெக்ஸ் தெரியும், ஃபிளெக்ஸைப் பார்த்தால் இடுப்பு தானாக இறங்கிவிடும்.

பார்த்தான். வாசலில், வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே, ஒரு லாரி அகலத்துக்கு, பூக்களும் புறாக்களும் சூழ, அவன். ‘உலக மல்யுத்த சாம்பியன் யார்க்கோ அவர்களின் மைத்துனி பூரணியின் நிச்சயதார்த்த விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கிறோம்.’ அவனுக்குத் தமிழ் படிக்க வராது, செண்பகவல்லிதான் படித்துச் சொன்னாள். சாம்பியன் என்ற இடத்தில் அவன் காது சூடாகிவிட்டது. சாம்பியனாவது பரவாயில்லை. படம்! உலகப் போட்டியில் வெண்கலப் பதக்கத்துக்கான சண்டையில் ஜார்ஜியா நாட்டுக்காரன் ஒருவன் அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டி, வில்லாகப் பின்னால் வளைந்து, தலைக்கு மேலே தூக்கி வீசின நொடியில் எடுத்த படம் அது. கால் வானத்தில், தலை பாயை நோக்கி. இணையத்தில் அவன் பெயரைப் போட்டால் முதலில் வந்து நிற்கிற படம் அதுதான், ஏனென்றால் அவனுக்காக எடுத்ததில்லை, அந்த ஜார்ஜியாக்காரனுக்காக எடுத்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு அது சரியாகப் படவில்லை. நல்ல காரியத்தில் மாப்பிள்ளையைத் தலைகீழாகப் போடலாமா? படத்தையே அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். இப்போது யார்க்கோ நிமிர்ந்து நின்று ஒரு மீசைக்காரனைத் தலைகுப்புறப் பிடித்துத் தரையில் நட்டுவிடப் போகிறான். முகம் சிவந்து, கன்னம் உப்பி, கண் பிதுங்கி. வலியில் போன முகம், திருப்பிப் போட்டதும் ஆக்ரோஷமாகிவிட்டது. நேற்று சாயந்தரம் செண்பகவல்லி அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கழற்றச் சொல்லேன் என்று அவன் கெஞ்சினான். “அப்பா ஆசையா வெச்சிருக்காரு, விட்டுரு” என்றாள். விட்டுவிட்டான். ஜெயித்த மாதிரி ஒரு படம் தனக்கும் இருக்கட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது என்னவோ உண்மை. அந்த நிமிஷத்துக்குத்தான் இப்போது தொடை எரிகிறது போலிருக்கிறது.

ஜார்ஜியாக்காரனை விடு. அவன் ஒருத்தனா? ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ரைமோ அவனை முதன்முதலாகப் பாயில் ஏற்றியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவின் உருளைக்கிழங்கு மூட்டையைத் தனியாகத் தூக்குவான் என்ற ஒரே தகுதி. இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது, காலை வாரக்கூடாது, கட்டிப்பிடி, தூக்கு, போடு. அவ்வளவுதான் சட்டம். நாட்டுப் போட்டியில் வருஷா வருஷம் முதலிடம் வந்தான். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, அந்த எடையில் நாட்டிலேயே இரண்டு பேர்தான், ஒரு வருஷம் அந்த இன்னொருவனுக்கு அம்மை போட்டிருந்தது, யார்க்கோ தனியாகப் பாயில் ஏறி நடுவரின் கையைக் குலுக்கிவிட்டு இறங்கினான். வெளியே போனால் கதை வேறு. இந்த விளையாட்டில் தங்கம் ஒருவனுக்கு, வெள்ளி ஒருவனுக்கு, வெண்கலம் இரண்டு பேருக்கு. அந்த வெண்கலச் சண்டையில் தோற்கிறவனுக்கு ஐந்தாம் இடம். ஐந்தாம் இடம் என்றால் மேடைக்குப் பக்கத்தில் நின்று கைதட்டுகிற இடம். உலகப் போட்டியில் இரண்டு தடவை ஐந்தாவது. ஐரோப்பியப் போட்டியில் மூன்று தடவை ஐந்தாவது. ஆறாவதாகக்கூட அவனால் வர முடிந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ரைமோ துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு ஒரே வார்த்தை சொல்வார்: “நோ நீன்.” அவர்கள் மொழியில் அதற்கு எல்லா அர்த்தமும் உண்டு. சரி என்பார்கள், முடிந்தது என்பார்கள், கிளம்பு என்பார்கள், என்ன செய்ய என்பார்கள். ஐந்து தடவை கேட்டும் ரைமோ எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஊருக்குத் திரும்பினால் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதுவார்கள், ‘மீண்டும் பதக்கமில்லை’. மீண்டும் என்ற அந்த வார்த்தை. பெட்ரோல் பங்கில் தெரிந்தவர் ஒருவர் தலையை மட்டும் ஆட்டுவார், துக்க வீட்டில் ஆட்டுகிற மாதிரி. பனி தள்ளும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வான். அந்த வண்டி இருக்கை இரும்பு. எவ்வளவு நல்ல இருக்கை அது. மறுபடியும் முனகியது, இல்லை, இது வேறு, வெற்றிலைத் தட்டை நகர்த்துகிறார்கள்.

காலணி விஷயம் இன்னும் மோசம். மல்யுத்தக்காரன் ஓய்வு பெறுகிறபோது கடைசிச் சண்டை முடிந்ததும் காலணியைக் கழற்றிப் பாயின் நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போகவேண்டும், கூட்டம் எழுந்து நின்று தட்டும், பெரிய பெரிய ஆட்களெல்லாம் அழுதிருக்கிறார்கள். போன வசந்தத்தில், ஐரோப்பியப் போட்டியில், மூன்றாம் தடவையாக ஐந்தாவது வந்த அன்று, இதுதான் கடைசி என்று அவனுக்குத் தெரியும். கழுத்து சொல்லிவிட்டது, முழங்கால் சொல்லிவிட்டது, செண்பகவல்லி சொல்லாமல் இருந்ததே சொன்ன மாதிரி. பாய் நடுவில் குனிந்தான். வலது கால் முடிச்சை அவிழ்த்தான். அப்போதுதான் அந்த நினைப்பு வந்து மாட்டிக்கொண்டது: காலணி வைப்பது சாம்பியன்கள் செய்கிற காரியமல்லவா, ஐந்தாவது வந்தவன் வைத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள், மறந்து விட்டுவிட்டுப் போகிறான் என்றுதானே நினைப்பார்கள்? யாராவது பின்னாலேயே ஓடிவந்து, சார், உங்கள் காலணி, என்று கையில் கொடுத்துவிட்டால்? நடுவர் குனிந்து, காலில் அடியா, மருத்துவரைக் கூப்பிடவா என்று கேட்டார். இல்லை, முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றான் யார்க்கோ. மறுபடி கட்டிக்கொண்டு இறங்கிவந்தான். ஆகவே அவன் ஓய்வு பெற்றவனா இல்லையா என்பது இன்றைய தேதிவரை அவனுக்கே தெரியாது. கழுத்து வலிக்காகப் போன இடத்தில்தான் செண்பகவல்லியைப் பார்த்தது, தாம்பெரே நகரத்தில் பிசியோதெரபி நிலையம், கோவில்பட்டியிலிருந்து படிக்கவந்து அங்கேயே வேலைக்கு இருந்தவள், அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டு தமிழில் எண்ணுவாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, பத்து வந்தால்தான் விடுவாள். அவன் படித்த முதல் தமிழ் அதுதான். கழுத்து சரியான பிறகும் எண்ணிக்கைக்காகப் போய்க்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சு எடுத்தபோது சீனிச்சாமி போனில் கேட்ட முதல் கேள்வி, “குஸ்திக்காரனா? கோவம் வந்தா அடிப்பானா?” செண்பகவல்லி சொன்னாளாம்: “கோவமே வராதுப்பா, அதனாலதான் தோத்துக்கிட்டே இருக்காரு.” அந்தப் பதிலின் பின்பாதியைச் சீனிச்சாமி யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. மனிதர் நல்லவர். மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசிப் பேசி மருமகனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ஆளாக்கிவிட்டார். முதலில் வீரர், அப்புறம் பெரிய வீரர், தீபாவளிக்குள் சாம்பியன்.

எதிரே, யார்க்கோவிடமிருந்து உருவிய நாற்காலியில், சம்பந்தி வீட்டுப் பெரியவர் பெத்துராஜ் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைப் பையனுடைய பெரியப்பா. ஒல்லி மனிதர், கொக்குக் கழுத்து, அவருக்குக் கால் நாற்காலியே போதும். சொன்னதெல்லாம் சொன்னபடி இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி என்று செண்பகவல்லி காலையிலேயே எச்சரித்திருந்தாள். பூரணி படித்த கல்லூரிக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தவராம். இதற்கு முன்னால் பையனுக்குப் பார்த்த ஒரு இடத்தில், பெண்ணின் அண்ணன் இன்ஜினியர் என்று சொல்லி, போய்ப் பார்த்தால் இன்ஜினியர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்ததும், எழுதிய பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாராம். அந்த மனிதர் இப்போது ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் மறுபக்கம். யார்க்கோவின் வலது தொடை துடிக்க ஆரம்பித்தது. பார்க்காதே பெரியவரே, புறாவைப் பார்த்துக்கொள், பூவைப் பார்த்துக்கொள், எவ்வளவு பூ போட்டிருக்கிறார்கள். “சீனிச்சாமி,” என்றார் பெத்துராஜ், “ஒண்ணு கேக்கட்டுமா?” “கேளுங்க, என்னத்தையும் கேளுங்க” என்றார் சீனிச்சாமி, சந்தனக் கிண்ணத்தோடு. “அந்தப் படத்துல ஓரத்துல ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் நிக்கானே, அவன் ஏன் தலைகீழா நிக்கான்?” கூடம் மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. நடுவர்! யார்க்கோவும் அப்போதுதான் பார்த்தான். எத்தனை தடவை பார்த்து எத்தனை வெட்கப்பட்டும் கண்ணில் படாத நடுவர், படத்தின் மேல் மூலையில், வாயில் விசிலோடு, புறாக்களுக்கு நடுவே வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார். சீனிச்சாமி சந்தனக் கிண்ணத்தைக் கை மாற்றிக்கொண்டார். “அது வந்து, அங்கன அப்படித்தான், பின்லாந்துல…” “பின்லாந்துல மனுசன் விட்டத்துலயா நிப்பான்?” பின்னாலிருந்து யாரோ சிரித்து அடக்கினார்கள். மாப்பிள்ளைப் பையன் எழுந்துபோய்ப் போனில் ஒரு படம் பிடித்தான், போனைத் தலைகீழாகத் திருப்பினான், உண்மையை மறைக்கத் தெரியாத வயசு, “பெரியப்பா, படத்தத் திருப்பிப் போட்டிருக்காங்க” என்றான்.

“அப்போ தூக்கினவன் யாரு, விழுந்தவன் யாரு?” என்றார் பெத்துராஜ். சீனிச்சாமியின் முகம் கரண்ட் போன மில் மாதிரி ஆகிவிட்டது. அறைக்குள் பட்டுச்சேலையோடு இருந்த பூரணி கதவோரம் வந்து நின்றாள், அவள் கண்ணில் இருந்தது என்னவென்று புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யார்க்கோவுக்கு எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் கூடத்தின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது, அது அவன் தொழில். இன்ஜினியர் ஆபீஸ். பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு. இந்தக் கொக்குக் கழுத்து எழுந்துவிட்டால் வேன் கிளம்பிவிடும். ஏதாவது சொல், நீயே சொல், எந்தச் சொல் இருக்கிறது உன்னிடம்? சாப்பாடு இருக்கிறது, போதும் இருக்கிறது, அதுவும் இந்த வீட்டில் செல்லாத சொல், எந்திரிங்க, உக்காருங்க, மேலே, கீழே. கீழே! “நான் கீழே” என்றான். மூன்று சொம்பு சீரகத் தண்ணீர் குடித்தபோதுகூடப் பேசாத மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் சமையல் கட்டிலிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். “நான் கீழே. மீசை மேலே. மீசை போட்டான்.” பெத்துராஜ் அவனையே பார்த்தார். “அப்போ தோத்துட்டீக?” அவன் செண்பகவல்லியைப் பார்த்தான், அவள் அவர்கள் மொழியில் சொன்னாள், “தோத்து” என்று தலையாட்டினான். “சாம்பியன் இல்ல?” “இல்லை.” இல்லை என்ற சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது, இதைச் சொல்லவா இத்தனை நேரம் தொடையை எரித்துக்கொண்டோம். சீனிச்சாமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். பெத்துராஜ் விடவில்லை. “சரி, சாம்பியன் இல்ல. பெறகு எத்தனாவது?”

செண்பகவல்லி அந்தக் கேள்வியை ஒரே வார்த்தையில் பின்னிஷில் சொன்னாள். அவனுக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது, வந்திருக்கக்கூடாத நேரம். எத்தனாவது என்பதற்கு அவர்கள் மொழியிலும் ஒரே சொல்தான். இங்கிலீஷில் அது கிடையாது, ஸ்வீடிஷில் கிடையாது, வெளியூர்ப் பேட்டிகளில் யாரும் அவனை அப்படிக் கேட்கவே முடிந்ததில்லை. பதக்கம் உண்டா என்பார்கள், இல்லை என்பான், மைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். “அஞ்சு” என்றான். “அஞ்சாவது” என்று திருத்தினாள் செண்பகவல்லி. “அஞ்சாவது.” ஐந்தாம் இடத்தில் இரண்டு பேர் உண்டு, தான் அதில் ஒருத்தன் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அரித்தது, அதற்குச் சொல் இல்லை, போகட்டும். “எங்க? உங்க ஊர்லயா?” “ஊர் இல்லை.” ஊரைவிடப் பெரியதற்கு என்ன சொல்வது? இரண்டு கையையும் விரித்தான், விரித்த கையை மேலே கொண்டுபோய், கீழே கொண்டுவந்து, ஒரு பெரிய உருண்டையை வளைத்துக் காட்டினான். பக்கத்திலிருந்தவர் வெற்றிலைத் தட்டோடு விலகிக்கொண்டார். “ஒலகத்துலயா?” என்றார் பெத்துராஜ். குரல் மாறியிருந்தது. “ஒலகம்” என்றான் யார்க்கோ. பெத்துராஜ் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கினார். மீதி நாலு விரலையும் கூடத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். “ஏய், அப்போ இந்த ஒலகத்துலயே இந்த மனுசனப் போடுறதுக்கு மொத்தமா நாலே பேருதானா?”

யார்க்கோவுக்காகச் செண்பகவல்லி அதை மொழிபெயர்த்தாள். நாலு பேர். அவனும் தன் கையைப் பார்த்துக்கொண்டான். ரைமோ, பத்திரிகைக்காரர், பெட்ரோல் பங்க்காரர், அவன், அவன் அப்பா, யாருமே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. இந்தியாவில், சீனாவில், ஆப்பிரிக்காவில், கப்பலில், மலையில் எங்கே தேடினாலும் அந்த வருஷம் நாலே நாலு ஆட்கள். “அதத்தான் சாம்பியன்னு போட்டோம்” என்றார் சீனிச்சாமி மெதுவாக, ஆழம் பார்க்கிற மாதிரி. பெத்துராஜ் திரும்பிப் பார்த்த பார்வையில் சீனிச்சாமி கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். “நீரு பேசாதீரும். அந்த ஃபிளெக்ஸ மொதல்ல அவுக்கச் சொல்லும். தோத்தத தானே சபையில எந்திரிச்சுச் சொல்லுறவரு மூத்த மாப்ளையா இருக்க வீடு, இதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு? தட்ட மாத்துவோம்.” எந்திரிச்சு என்றதும் யார்க்கோ எழப் பார்த்தான், அப்போதுதான் தெரிந்தது, எப்போதோ முழு எடையையும் போட்டு உட்கார்ந்துவிட்டோம் என்று, எந்த நேரம் என்று தெரியவில்லை, உருண்டை காட்டியபோதாக இருக்கலாம், தொடை இரண்டும் செத்துக் கிடந்தன, நாற்காலி அது பாட்டுக்கு இருந்தது. கதவோரம் பூரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். தட்டுகள் நடுவுக்கு வந்தன. பெத்துராஜ் கையை நீட்டித் தடுத்தார். “இருங்கப்பா, நல்ல நேரம் எங்கயும் ஓடிப்போகாது. மாப்ள, அந்த நாலு பேரு யாரு யாரு? அதச் சொல்லும் மொதல்ல.” செண்பகவல்லி திரும்பிச் சொன்னாள். யாரும் அவனை இதைக் கேட்டதே இல்லை. ஜெயித்தவர்களைப் பற்றி ஜெயித்தவர்களிடம்தான் கேட்பார்கள். அவனுக்கு அவர்களைத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும், நெஞ்சோடு நெஞ்சாக, மூச்சு முட்ட, ஒவ்வொருவருடைய வியர்வை வாசனைகூட. எங்கே ஆரம்பிப்பது? அந்த ஜார்ஜியாக்காரன், தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்குச் சாயந்தரம் உடைமாற்றும் அறைக்கு வந்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, நலமா என்று சைகையில் கேட்டவன். பாயில் உரசி உரசி இரண்டு காதும் உருண்டு தடித்துப்போனவன். அந்தக் காதைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. சொல் தேடினான். இன்று காலையில் சித்தி இலையில் வைத்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

“ஒண்ணு” என்றான் யார்க்கோ, சுண்டுவிரலை மடக்கி. “ஜார்ஜியா. பெரிய ஆள். நல்ல ஆள். காது…” தன் காதைப் பிடித்துக் காட்டினான். “காது, பணியாரம்.”

கூடம் ஓவென்று சிரித்தது. சின்னத்தாய் சித்தி சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்து ஜமுக்காளத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். “சிரிக்காதீக, சொல்லட்டும்” என்று அதட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, “ரெண்டாவது ஆளு யாரு மாப்ள?” என்றாள்.